மாலை ஆறு மணிக்கு மாடியில் தண்ணீர் ஊற்றினால் அறை குளிருமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறோம். ஏப்ரல் பிறந்துவிட்டால் படுக்கையறையில் நள்ளிரவு வரை அனல். வெளியே எட்டு மணிக்கே காற்று இதமாகிவிடுகிறது, உள்ளே மின்விசிறி போட்டால் சூடான காற்றுதான் இறங்குகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர் ஊற்றுகிறோம், பெரிய பலன் இல்லை. வெள்ளைப் பூச்சு அடிக்கலாமா, தெர்மகோல் வைத்துப் பொய்க்கூரை போடலாமா? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், கான்கிரீட் அரிதிற்கடத்தி என்கிறாள். அப்படியானால் இவ்வளவு சூடு எப்படி உள்ளே வருகிறது?

பதில்: மகள் சொல்வது செம்போடு ஒப்பிட்டால் சரி. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400, கான்கிரீட்டுக்கு 1.5 (மீட்டருக்கு, கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற அலகில்). ஆனால் தெர்மகோலுக்கு அது 0.04கூட இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் கான்கிரீட் பாஸ் மார்க்கைத் தொடாது.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: கான்கிரீட்டின் தன் வெப்ப ஏற்புத்திறன் எவ்வளவு? அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 880 ஜூல் வேண்டும். தண்ணீரோடு பார்த்தால் இது சிறிய எண். ஆனால் உங்கள் தலைக்கு மேல் எத்தனை கிலோ தொங்குகிறது என்பதைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மேலே 12 சென்டிமீட்டர் தளம் என்றால் மூன்று டன்னுக்கு மேல். அது 10 டிகிரி சூடேறினால் வாங்கி வைத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 28 மெகாஜூல். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடினால்தான் அத்தனை வெப்பத்தை வெளியேற்ற முடியும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் ஒரு தோசை வார்க்குமே, அதே கதைதான் உங்கள் கூரையிலும் நடக்கிறது.

இந்தத் தளத்தைக் கடந்து வர வெப்பத்துக்கு நேரமும் பிடிக்கிறது. கான்கிரீட்டின் கடத்துத்திறன், அடர்த்தி, ஏற்புத்திறன் மூன்றையும் வைத்துக் கணக்கிட்டால், மேற்பரப்பின் உச்சச் சூடு 12 சென்டிமீட்டர் கீழே வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் இன்னும் தாமதம். மதியம் ஒன்றரை மணி வெயில் உங்கள் சீலிங்குக்கு வருவது மாலை ஐந்து, ஆறுக்கு. அதன்பிறகு அது சூட்டைச் சாவகாசமாக இறக்கிக்கொண்டே இருக்கும்.

மாலைத் தண்ணீர் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுவே விடை. ஆறு மணிக்கு மேலே ஊற்றிய குளிர்ச்சியும் அதே மூன்று மணி நேரம் நடந்துதான் கீழே வர வேண்டும். ஒன்பது மணிக்குத்தான் சீலிங்கில் அதன் சாயலே தெரியும்.

ஊற்றும் விதத்திலும் ஒரு வீண் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரி சூடேறிக் குழாய் வழியே ஓடிவிட்டால் அது கொண்டுபோவது 42 கிலோஜூல். அதே லிட்டர் தளத்திலேயே ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல். உள்ளுறை வெப்பம் என்று பாடத்தில் வருவது இதுதான். ஒரு குடம், அதாவது 12 லிட்டர், முழுவதும் ஆவியானால் நான் மேலே சொன்ன 28 மெகாஜூலுக்கு ஈடு. ஆகவே இருபது குடம் கொட்டி வடியவிடுவதில் அர்த்தமில்லை. பழைய சாக்குப் பைகளைப் பரப்பி, மூன்று மணியிலிருந்து பூவாளியால் அவ்வப்போது நனைத்துவந்தால் போதும். திருச்சியின் வறண்ட காற்று இதற்கு வாகானது. கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் பலன் குறையும். தளத்தில் விரிசல் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். சூட்டைத் தணிக்கப் போய் ஒழுக்கு வாங்கிக்கொள்ள வேண்டாம்.

மின்விசிறி விஷயம். சீலிங்கை ஒட்டியிருக்கும் சூடான காற்று தானாகக் கீழே வராது, விசிறிதான் அதை இழுத்து இறக்குகிறது. அதைவிடப் பெரிய தொல்லை கதிர்வீச்சு. 42 டிகிரியில் இருக்கும் சீலிங், 35 டிகிரியில் இருப்பதைவிடச் சதுர மீட்டருக்கு 50 வாட் அளவுக்குக் கூடுதலாக வெப்பக்கதிர்களை வீசுகிறது. அது காற்றைப் பொருட்படுத்தாமல் நேராக உங்கள் உடம்பில் விழும். நம்பிக்கை இல்லையென்றால், கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி அலமாரியில் இருக்குமே, அதில் பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் வசதி இருந்தால் இரவு ஒன்பது மணிக்குச் சீலிங்கையும் உள்சுவரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரி இருந்தால் குற்றவாளி கூரைதான். மேற்குச் சுவரும் அதே அளவு காட்டினால், அதற்கும் நிழல் தேவை.

இனி செலவு. முதலில் வெள்ளைப் பூச்சு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடை நண்பகலில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெயில் விழுகிறது. பழைய சாம்பல் நிறத் தளம் அதில் 600, 700 வாட்டை உறிஞ்சும். புதிதாக வெள்ளையடித்த தளம் 250, 300-ஐத் தாண்டாது. தளத்துக்குள் புகாத வெப்பத்தை இரவில் வெளியேற்ற வேண்டிய வேலையும் இல்லை. பளபளக்கும் அலுமினியப் பூச்சை யாராவது பரிந்துரைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெயிலைத் திருப்பியனுப்பினாலும், உறிஞ்சியதை வானத்தை நோக்கிக் கதிர்வீசுவதில் அது சோம்பேறி. வெள்ளைப் பூச்சு இரண்டு வேலையையும் செய்யும்.

அதிலும் போதவில்லை என்றால்தான் வெப்பத்தடுப்புக்குப் போங்கள். ஐந்து சென்டிமீட்டர் தெர்மகோல், இரண்டு மீட்டர் தடிமனான கான்கிரீட்டுக்குச் சமம். ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். தளத்துக்கு மேலே, நீர்த்தடுப்போடு தடுப்புப் பலகை பதித்தால், மூன்று டன் கான்கிரீட்டும் வெயில் படாமல் இருக்கும், பகலில் அறையின் சூட்டைக்கூட ஓரளவு வாங்கிக்கொள்ளும். கீழே பொய்க்கூரையாகப் போட்டால் அறை தப்பிக்கும், தளம் வெந்துகொண்டேதான் இருக்கும். அப்படிப் போடுவதானால் தெர்மகோலைத் தவிர்த்துவிடுங்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகையைக் கக்கும். ஜிப்சம் பலகைக்கு மேல் கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ வைப்பது பாதுகாப்பானது. உயரம் குறையும், விசிறியைத் தாழ்த்த வேண்டிவரும். பழைய வீடுகளில் மாடியில் போடும் கீற்றுக் கொட்டகை இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும், நிழலும் உண்டு, இடையில் காற்றும் ஓடும். ஆனால் தீ பயத்தால் அதைச் சொல்லத் தயங்குகிறேன். பச்சை நிழல்வலையைத் தளத்திலிருந்து ஆறடி உயரத்தில் கட்டினால் பாதிப் பலனாவது கிடைக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: இரவு எட்டு மணிக்கு மேல் ஜன்னலில் மேஜை விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். எதிர் ஜன்னல் வழியே வெளிக்காற்று உள்ளே வரும்.

பூச்சுக்குச் சுண்ணாம்பே போதும், காலில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட். அடிக்கும் முன் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு மழைக்காலம் போனாலே வெள்ளை மங்கிவிடும் என்பதால், ஆண்டுதோறும் மாசியில் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.