மங்கலான ஹெட்லைட்டும் சூடாகும் சுவிட்சும்

வணக்கம் சார். பழைய மாருதி 800-ல வெளிச்சம் மங்கல், ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் சூடாகுது, லோ பீம் விட்டு விட்டு எரியுதுன்னு எழுதியிருக்கீங்க. பல்பை மாத்திப் பணத்தை வீணாக்காதீங்க. ரிலே (சின்ன கரண்ட்டை வச்சு பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற மின் சுவிட்ச்) இல்லாத வயரிங்ல, இரண்டு 55 வாட் பல்புக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்பியர் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாத்தான் போகும். உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும்.

இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால பேட்டரியிலயும் பல்பு கனெக்டர்லயும் வோல்டேஜ் பாருங்க. ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா கோளாறு நடுவுல இருக்கிற வயர், சுவிட்ச், கனெக்ஷன்லதான். 10 சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சத்துல சுமார் 30 சதவீதம் போயிடும்.

முதல்ல எர்த் போல்ட்டை, அதாவது ஹெட்லைட்டோட எர்த் வயர் வண்டி பாடியில சேர்ற போல்ட்டை, சுரண்டி இறுக்குங்க. அப்புறம் புது சுவிட்ச், ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே, பேட்டரியிலிருந்து ஃபியூஸோட நேர் வயர். 100 வாட் பல்பு வேண்டவே வேண்டாம், கனெக்டர் உருகிடும். சரியாகுற வரைக்கும் ராத்திரியில வண்டியை எடுக்காதீங்க சார்.