2, 3 போட்டால் 1 கெடுமா?

கேள்வி: வாக்குச் சீட்டில் முதல், இரண்டாம், மூன்றாம் தெரிவுகளுக்கு 1, 2, 3 என்று போட்டால் முதல் ஆளுக்கான வாக்கின் பலம் குறையும் என்று சொல்லி, 2024 ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு புள்ளடியோடு (X) வந்துவிட்டார்கள். அது சரியா? இந்த முறை எப்போது வந்தது? (வாசகர், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: துளியும் குறையாது. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்துவிட்டால் 2, 3 ஐ யாரும் பார்க்கவே மாட்டார்கள். எடுக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரேயடியாக விலக்குவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் மட்டுமே விருப்பு வாக்கு, அதாவது 2, 3, தேடப்படும்.

2024 இல் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு 1 போட்ட ஒரு சீட்டை எடுங்கள். அவர் முதல் இருவரில் இல்லை. சீட்டில் 2, முதல் இருவரான அநுர குமார திசாநாயக்கவுக்கோ சஜித் பிரேமதாசவுக்கோ இருந்தால் அது அவருடைய கணக்கில் சேரும். 2 ரணிலுக்கு என்றால் அவரும் விலக்கப்பட்டவர்தான், ஆகவே 3 ஐப் பார்ப்பார்கள். அதுவும் நாமலுக்கு என்றால் சீட்டு அதோடு முடிந்தது. வெல்லக்கூடிய இருவர் என்று நீங்கள் நினைப்பவர்களில் ஒருவருக்காவது 2 அல்லது 3 போகாவிட்டால், இரண்டாம் எண்ணிக்கையில் உங்களுக்குக் குரல் இல்லை. உங்கள் வீட்டார் 1 கொடுத்தது அந்த இருவரில் ஒருவருக்கென்றால் ஒரு நட்டமும் இல்லை.

அந்தத் தேர்தலில் விலக்கப்பட்டவர்களின் சீட்டுகள் சுமார் 33 இலட்சத்து 21 ஆயிரம். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 மட்டுமே சேர்ந்தன. நூற்றுக்கு எட்டு! புள்ளடியோடு திரும்பியது உங்கள் வீடு மட்டுமல்ல. மாவட்டத்தில் யார் முந்தினார் என்பதும் முடிவைத் தொடாது. திருகோணமலை, மூதூர், சேருவில எல்லாம் நாடு தழுவிய ஒரே கூட்டலுக்குள்தான் போகும்.

வரலாறு சுருக்கமானது. 1931 இல் அரசாங்க சபைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தாலும், மேலே இருந்தவர் இலண்டன் அனுப்பிய ஆளுநர். 1972 அரசியலமைப்பில் ஜனாதிபதியைப் பிரதமரே நியமித்தார், வில்லியம் கோபல்லாவ அப்படி வந்தவர். மக்கள் வாக்கு 1978 அரசியலமைப்போடு வந்து, முதல் தேர்தல் 1982 ஒக்டோபர் 20 இல் நடந்தது. அதிலிருந்து 2019 வரை எட்டுத் தேர்தலும் முதல் எண்ணிக்கையிலேயே முடிந்ததால் 2, 3 ஐ நாடே மறந்துபோயிருந்தது. பதவி இடையில் வெற்றிடமானால் மீதிக் காலத்துக்குப் பாராளுமன்றம் தெரிவு செய்யும். 2022 ஜூலை 20 இல் அப்படி நடந்த தெரிவில் ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர 3 வாக்குகள் எடுத்தார்கள். நான்கு எம்.பி.க்களின் சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையில் வாக்கு கெடுவது அடையாளமிடும் விதத்தில்தான். தனியாக ஒரு புள்ளடி போட்டால் அதை 1 ஆக எடுப்பார்கள். புள்ளடி போட்டவர் அதோடு நிறுத்த வேண்டும், பக்கத்தில் 2, 3 எழுதக் கூடாது. விருப்பு வாக்கும் வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்தே இலக்கம்தான். 1 இல்லாமல் 2 மட்டும் போட்டாலோ, இருவருக்கு 1 போட்டாலோ சீட்டு செல்லாது. பெயர், கையொப்பம் என்று உங்களைக் காட்டிக்கொடுக்கும் எதையும் எழுத வேண்டாம். தவறிப்போனால் அதன் மேல் வெட்டித் திருத்தாதீர்கள். பெட்டியில் போடுமுன் வாக்களிப்பு நிலையப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள்.