ஃபைபர் போட்டில் பெட்ரோல் ஓட்ட மீட்டரை நாமே பொருத்தலாமா?

கேள்வி: எங்களிடம் 21 அடி ஃபைபர் போட் இருக்கிறது, பின்னால் மாட்டிய 60 குதிரைத்திறன் கார்புரேட்டர் அவுட்போர்டு எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து கடலுக்குப் போய்த் தூண்டில் போடுவோம். எவ்வளவு பெட்ரோல் செலவாகிறது என்று காட்டும் ஃப்யூயல் ஃப்ளோ மீட்டரை நாமே பொருத்தலாமா? போடும் காசுக்குப் பிரயோஜனம் உண்டா?

பொருத்தலாம். கிட்டத்தட்ட உங்கள் போட் மாதிரியே ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நானே பொருத்தினேன். அரை நாள் வேலை. அந்த அரை நாளில் நான் செய்த ஒரு சின்னத் தப்பால், முகத்துவாரத்தைத் தாண்டியதும் எஞ்சின் விக்கி விக்கி நின்றது. அந்தக் கதை கீழே வரும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் எஞ்சின் கார்புரேட்டர் என்பதால்தான் தனி மீட்டர் தேவைப்படுகிறது. எலக்ட்ரானிக் இஞ்செக்ஷன் எஞ்சினாக இருந்தால், எவ்வளவு பெட்ரோல் தெளிக்கிறோம் என்பது அதன் கம்ப்யூட்டருக்கே தெரியும். புது மாடல்கள் பலவற்றில் அந்த எண்ணை என்எம்இஏ 2000 (போட்டில் உள்ள கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை) வயர் வழியாக ஜிபிஎஸ் திரைக்கே கொண்டுவந்துவிடலாம். குழாயை வெட்டவே வேண்டாம். உள்ளே டீசல் எஞ்சின் வைத்த போட் என்றால் கதை வேறு. டீசல் எஞ்சின் பம்ப் தேவைக்கு மேல் இழுத்து மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்பும். அதனால் போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு சென்சார் வைத்துக் கழிக்க வேண்டும். மணிக்கு 60 லிட்டர் போய் 52 லிட்டர் திரும்பினால் செலவு 8 லிட்டர். இரண்டு சென்சாரும் ஆளுக்கு 2 சதவீதம் எதிரெதிர்ப் பக்கம் பிசகினால், அந்த 8 லிட்டரில் 2 லிட்டருக்கு மேல் தப்பு விழுந்துவிடும். பெட்ரோல் அவுட்போர்டில் இந்தத் தலைவலி இல்லை, டேங்குக்குத் திரும்பும் குழாயே கிடையாது. ஒரே சென்சார் போதும்.

சென்சாருக்குள் இருப்பது ஒரு குட்டிச் சக்கரம். பெட்ரோல் ஓடும்போது சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் மின்துடிப்பு அனுப்பும். ஒரு லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்று திரை கணக்குப் போடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். அதனால் அந்தச் சக்கரத்தில் தூசியோ தண்ணீரோ காற்றுக்குமிழியோ பட்டால் கணக்கு கெட்டது. டேங்க், கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர், பிறகு சென்சார், கடைசியில் எஞ்சின். நான் வைத்த வரிசை இதுதான். எப்படி மாற்றினாலும் ஃபில்டருக்கு முன்னால் சென்சாரை வைக்காதீர்கள். ஃபில்டரே இல்லாத போட்டாக இருந்தால் மீட்டர் காசில் முதலில் அதை வாங்குங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் உப்புக்காற்றில் பாதி டேங்கோடு ஒரு மாதம் கட்டிப்போட்டால், தண்ணீர் அளவு மீறி அடியில் தனியாகப் பிரிந்து நிற்க வாய்ப்பு உண்டு. பழைய ரப்பர் குழாயையும் எத்தனால் அரிக்கும். நான் வெட்டியபோது என் குழாயின் உட்புறம் கையில் ஒட்டும் பிசுக்காக இருந்தது. மீட்டர் வேலை என்று தொடங்கி மொத்தக் குழாயையும் மாற்றினேன்.

சென்சாரை எஞ்சின் மூடிக்குள் வைக்காதீர்கள். அங்கே சூட்டில் பெட்ரோல் ஆவியாகும். போட்டின் பின்சுவர் உட்பக்கத்தில், கிட்டோடு வந்த தாளில் சொன்னபடி (என்னுடையது நெட்டுக்குத்தாக, அம்புக்குறி மேல்நோக்கி) திருகினேன். அப்போதுதான் குமிழி தங்காமல் மேலே போகும்.

இனி, எஞ்சினை நிறுத்திய அந்தச் சின்னத் தப்பு: வெள்ளை டேப். வீட்டுக் குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் டெஃப்ளான் டேப்பைத்தான் பித்தளை மரைகளில் சுற்றினேன். மறுநாள் காலை வீராம்பட்டினம் அண்ணன் ஒருவரோடு கிளம்பினேன். முகத்துவாரத்தில் மணல் மேடு அலையைத் தூக்கிவிடும் இடம் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி வேகம் கொடுத்ததும் எஞ்சின் இருமியது. பல்பை அமுக்கினால் ஓடும், விட்டால் சாகும். அண்ணன் மீட்டரைப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, பெட்டி நல்லாத்தான் எண்ணுது, எஞ்சினுக்குத்தான் சோறு போவல” என்றார். ஒரு ஆள் பல்பை அமுக்கிக்கொண்டே இருக்க, மெதுவாகத் தேங்காய்த்திட்டுக்குத் திரும்பினோம். பிரித்துப் பார்த்தால், மரையிலிருந்து பிய்ந்த டேப் நூல் சென்சார் வாயில் சுருண்டு கிடந்தது. பெட்ரோலுக்கென்று விற்கும் திரவ சீலன்ட்டை, மரையின் முதல் ஒன்றிரண்டு சுற்றை விட்டுவிட்டுத் தடவுங்கள். டேப்பே வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். இந்தக் குழாயில் பெட்ரோல் தள்ளப்படுவதில்லை, எஞ்சின் பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் இணைப்பு தளர்வாக இருந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் பல்பை இறுகும்வரை அமுக்கி, பத்து நிமிடம் விட்டு ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் கிளாம்பு சரியில்லை. கிளாம்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

குழாயை வெட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், போட்டின் அடித்தட்டில் போய்த் தேங்கும். திறந்த வெளியில், காற்று அடிக்கும் நேரத்தில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி பிடிப்பவர் யாராக இருந்தாலும் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். வயர் இணைப்பு பெரிய விஷயமில்லை. தாளில் சொன்ன சின்ன ஃபியூஸ், வெள்ளீயம் பூசிய வயர், இணைப்பின் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை).

பொருத்திய அன்றே திரை காட்டும் எண்ணை நம்பிவிடாதீர்கள். டேங்கை வாய்வரை நிரப்பி, 20 லிட்டர் போல எரித்து, அதே பங்க்கில் அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். என்னுடையது 18.4 லிட்டர் என்றது, பில் 20.2 லிட்டர். கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் குறைவு. செட்டிங்கில் உண்மை அளவைக் கொடுத்தால் சில மீட்டர் தானே திருத்திக்கொள்ளும். துடிப்பு எண்ணை நாமே மாற்றும் வகை என்றால், பழைய எண்ணை 18.4 ஆல் பெருக்கி 20.2 ஆல் வகுங்கள். இரண்டு மூன்று முறை செய்தபின் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வந்துவிட்டது. ஐடிலிங்கில் மட்டும் எண் குதிக்கும். அவ்வளவு மெல்லிய ஓட்டத்தில் சக்கரம் ஒழுங்காகச் சுற்றாது.

காசுக்குப் பிரயோஜனமா? என் போட்டின் எண்களைச் சொல்கிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓட, முன்பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும்போது மணிக்கு 8.5 லிட்டர், வேகமும் 8.5 நாட் (மணிக்கு 8.5 கடல் மைல்). லிட்டருக்கு ஒரு கடல் மைல். 4000 சுற்றில் போட் தண்ணீர் மேல் ஏறிச் சறுக்கும்போது 12 லிட்டருக்கு 16 நாட், அதாவது லிட்டருக்கு 1.33 மைல். முழு வேகத்தில் 22 லிட்டர், 25 நாட், திரும்ப 1.14. மெதுவாகப் போனால் மிச்சம் என்று இத்தனை நாள் 3000 சுற்றில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருக்கிற வேகத்திலேயே மோசமானது அதுதான்! கடலூர் தேவனாம்பட்டினம் வரை போய்வரும் நாளில் வித்தியாசம் பில்லில் தெரிகிறது. கடலூர் நண்பர்கள் புதுச்சேரி பங்க்கில் விலை குறைவு என்று கேனோடு வருகிறார்கள், அதைவிட இதில் மிச்சம் அதிகம். போன வருடம் அதே 4000 சுற்றில் எண் 14 ஆகி, வேகம் 13 நாட்டாக இறங்கியது. எஞ்சின் கோளாறு என்று பயந்தேன். போட்டைக் கரையேற்றினால் அடியெல்லாம் கொட்டலசு, ஓடு போல ஒட்டி வளரும் கடல் உயிரி. சுரண்டியதும் பழைய எண் திரும்பியது.

ஆனால் ஒன்று. மீட்டருக்கு டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தன்னைக் கடந்து போனதுதான் தெரியும். சென்சாருக்கு முன்னால் குழாய் ஒழுகினால், டேங்க் காலியாகிக்கொண்டிருக்கும், திரை பாதி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும். அரை டேங்க் நிரப்பிவிட்டு ‘ஃபுல்’ பட்டனை அமுக்கினாலும் அதே கதி. நான் இன்னும் கிளம்புமுன் அளவுக்குச்சி விட்டுப் பார்க்கிறேன். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் தொடக்கூடாத பங்கு.

மெக்கானிக் துணை வேண்டுமென்றால் மார்ச்சுக்குள் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் மராமத்துக்கு ஏறிவிடும். அந்த இரண்டு மாதம் நம் போன் அழைப்பை ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.