சீன மூலிகை மருத்துவம் படிப்பது – கடிதம்

வணக்கம் ஐயா,

நாங்கள் மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறோம். என் மகள் தொடக்கத்திலிருந்தே சீனப் பள்ளியில் படித்தவள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் சீன மருத்துவம்தான் படிப்பேன், அதிலும் மூலிகைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பாவுக்குச் சம்மதமில்லை. "ஐந்து வருஷம் படித்துவிட்டு மருந்துக்கடையில் சின்சேயாக, சீன வைத்தியராக, உட்காரவா?" என்கிறார். என் அண்ணன், "நம்ம சித்த வைத்தியம் இருக்கும்போது இவளுக்கு ஏன் சீன வைத்தியம்?" என்கிறார். எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. இது உண்மையிலேயே ஒரு படிப்பா, இல்லை படிப்பு என்ற பெயரில் ஒரு நம்பிக்கையா? மூலிகைகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை வாசித்திருக்கிறேன். அதனால் உங்களைக் கேட்கிறேன்.

ம., ஈப்போ

அன்புள்ள ம.,

மூன்று கேள்விகளில் உங்களுடையதுதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. ஒரு மூலிகையை இன்னதென்று அடையாளம் காண்பது, பக்குவம் செய்வது, அளவு வைப்பது, அது உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பது, இவ்வளவும் கடினமான படிப்பு. சரியா தவறா என்று சோதித்துவிடலாம். அந்த மூலிகை ஏன் குணப்படுத்துகிறது என்று பழைய நூல்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் அப்படிச் சோதிக்கக்கூடியதல்ல. பல்கலைக்கழகத்தில் இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடமிருந்து வரும். எது எது என்று பிரித்துக் கேட்கும் குணம் உங்கள் மகளுக்கு இருந்தால் அவளைத் தடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நிகழ்வு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் புருஸ்ஸல்ஸ் நகரில், உடல் எடையைக் குறைக்கும் நிலையம் ஒன்றுக்குப் போய்வந்த பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. அங்கே தந்த மாத்திரைகளில் சீன மூலிகைப் பொடிகள் இருந்தன. சேர்க்க நினைத்தது ஃபாங்ஜி என்ற வேர், தாவரவியலில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா, நம்முடைய சீந்தில்கொடியின் குடும்பம். சேர்ந்ததோ குவாங்ஃபாங்ஜி என்ற வேறொரு வேர், அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி. அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தை அரித்துவிடும், பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் வரை போனது. பொடியான பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் மென்தகட்டு நிறப்பிரிகை என்ற எளிய ஆய்வகச் சோதனை போதும், தெரிந்துவிடும். அந்தப் பொடி ஏற்றுமதியானதிலிருந்து மாத்திரையாக உருட்டப்படும் வரை, அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த ஒருவர் அதைத் தொட்டிருந்தால் அந்தப் பெண்கள் தப்பியிருப்பார்கள். உங்கள் மகள் படிக்க விரும்புவது அந்த வேலையை. மருந்துக்கடையில் உட்காருவது பற்றிய உங்கள் கணவரின் கவலைக்கும் என் முதல் பதில் இதுதான். அங்கே இதெல்லாம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

உங்கள் அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள். ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா இனம்தான். பூச்சிக்கும் விஷக்கடிக்கும் என்று நம் வீடுகளில் தலைமுறைகளாகக் கொடுத்து வந்தவை. அந்த அமிலம் இவற்றிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இனத்துச் செடிகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. சீன வேரில் கண்டுபிடித்த ஆபத்துதான் நம் செடியைப் பற்றியும் எச்சரித்தது. ஒரு மரபின் மூலிகைகளைச் சரியாகப் படித்தவர் இன்னொரு மரபுக்கும் காவல். வீட்டில் யாராவது இவற்றைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை நீங்கள், ஆனாலும் சொல்கிறேன், தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. சீனாவில் இந்த மருத்துவம் குரு வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்தது மிக அண்மையில்தான். 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு என நான்கு நகரங்களில் அரசு கல்லூரிகளைத் திறந்தது. இன்று அங்கும், ஹாங்காங்கிலும், நம் நாட்டிலும் பட்டப்படிப்பின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. முதலில் யின்-யாங், மரம் நெருப்பு மண் உலோகம் நீர் என்ற ஐந்து கூறுகள், நாக்கையும் நாடியையும் பார்க்கும் முறை. கூடவே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். பிறகு மூலிகைப் பாடம், கூட்டு மருந்துப் பாடம், பழைய மூலநூல்கள். கடைசியில் மருத்துவமனையில் நோயாளிகளோடு பயிற்சி.

மூலிகைப் பாடம்தான் ஆளை உருட்டியெடுக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் தன்மை, சுவை, எந்த உறுப்பை நாடும், எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று நானூறு, ஐநூறு மருந்துகளை மனப்பாடம் செய்ய வேண்டும். ஷென்னோங் பெயரில் வழங்கும் மிகப் பழைய மூலிகை நூலில் 365 மருந்துகள்தான். 1578இல் லீ ஷிசென் என்ற மருத்துவர் எழுதி முடித்த பென்சாவ் காங்மூ என்ற மூலிகை நூலில் 1892 மருந்துகள். அவர் உயிரோடிருக்கும்போது அது அச்சாகவில்லை. இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1596இல் நான்ஜிங்கில் வெளிவந்தது. முன்னோர் எழுதியதில் தவறு கண்டால் தவறு என்றே எழுதியவர் அவர். இந்தப் படிப்பை நான் மதிப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

கூட்டு மருந்துகளைப் பாட்டாகவே மனப்பாடம் செய்வார்கள். 1694இல் வாங் ஆங் தொகுத்த கஷாயப் பாடல்களை இன்றும் மாணவர்கள் நடைபாதையில் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். சித்தர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சளிக்காய்ச்சலுக்கான மாஹுவாங் கஷாயத்தில் நான்கே சரக்கு: மாஹுவாங் தண்டு அரசன், இலவங்கக் குச்சி அமைச்சன், வாதுமை இனத்துப் பாதாமி (ஆப்ரிகாட்) கொட்டை துணை, அதிமதுரம் தூதன். இந்தப் பதவிப் பெயர்களைக் கேட்டு நகைக்க வேண்டாம். மாஹுவாங்கிலிருந்து 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் எஃபிட்ரின் என்ற மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களில் பெய்ஜிங்கில் சென் கேஹுயும் அவருடன் பணியாற்றியவர்களும் அது உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து எழுதிய பிறகு உலகமே ஆஸ்துமாவுக்கு அதைப் பயன்படுத்தியது. அதே செடியை எடை குறைக்கும் மாத்திரையாக விற்று மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததால் 2004இல் அமெரிக்கா அந்த மாத்திரைகளைத் தடை செய்தது. தூதன் என்று சாதுவாகச் சொல்லப்படும் அதிமதுரத்தை நெடுநாள் அதிகமாகச் சாப்பிட்டால் பொட்டாசியம் இறங்கும், இரத்த அழுத்தம் ஏறும். இதை உங்கள் மகள் இரண்டாம் ஆண்டிலேயே சொல்லத் தெரிந்திருப்பாள்.

எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்தது செய்முறை வகுப்புகள். உலர்ந்த வேரைப் பார்த்து, முகர்ந்து, கிள்ளி நாக்கில் வைத்து, தண்ணீரில் போட்டு இன்னதென்று சொல்ல வேண்டும். தியென்மா கிழங்கின் நுனிமொட்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். சின்னஞ்சிறு பெய்மூ பூண்டின் பெரிய இதழ் சின்ன இதழை அணைத்திருப்பதை, மார்போடு அணைத்த நிலா என்பார்கள். அடுத்த மேசையில் அதே கிழங்கின் துகள் நுண்ணோக்கியின் கீழ் இருக்கும். பிறகு பக்குவம். ஃபூட்ஸி என்பது நம் வசநாபியின் இனம். பச்சையாக ஆளைக் கொல்லும். வெகுநேரம் நீரில் கொதிக்கவிட்டால் அதிலுள்ள அகோனிடின் உடைந்து நஞ்சு பெருமளவு குறைகிறது. சித்த வைத்தியர்கள் நாபியைச் சுத்தி செய்யாமல் தொடாததும் இதே அறிவு. நேரத்தைச் சுருக்கியவர்களால் இன்றும் சாவுகள் நடக்கின்றன.

இனி, நம்பிக்கைப் பக்கம். நாடியில் மூன்று விரல் வைத்து ஆறு உறுப்புகளைப் படிப்பதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே நோயாளியின் கையைப் பிடித்த இரண்டு மருத்துவர்கள் வேறுவேறு சொல்வதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிவு செய்திருக்கின்றன. கூட்டு மருந்துகளைப் பற்றிய பரிசோதனைகளில் கணிசமானவை சிறியவை, சரியாக ஒப்பிடப்படாதவை. சில சரக்குகள் வெறும் அநியாயம். எறும்புத்தின்னியின் செதிலுக்காக நம் காடுகளையே காலி செய்தார்கள். 2020 பதிப்பில்தான் சீன அரசின் மருந்து நூல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. இவற்றை வகுப்பில் எழுந்து கேட்கும் மாணவி வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் ஆசிரியரும் இருப்பார், மகிழும் ஆசிரியரும் இருப்பார்.

சீன ஆய்வாளர் தூ யூயூவின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். 2015இல் நோபல் பெற்றவர். மலேரியா மருந்துக்கான தேடலில் அவர் சேர்ந்தபோது ஏற்கெனவே பெய்ஜிங்கில் மருந்தியல் பட்டம் பெற்றிருந்தார். பட்டம் பெற்ற பின் 1959 முதல் 1962 வரை, நவீன மருத்துவம் படித்தவர்களுக்காக நடத்தப்பட்ட சீன மருத்துவ வகுப்பிலும் உட்கார்ந்திருந்தார். நான்காம் நூற்றாண்டின் மருத்துவர் கே ஹோங், சிங்ஹாவ் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. அந்த வரியிலிருந்துதான் சூடு மருந்தைக் கெடுக்கலாம் என்று தூ யூயூ ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தார். 1971இல் பலன் கிடைத்தது. சிங்ஹாவ் என்ற பெயரில் விற்ற பல செடிகளில் எதில் மருந்து இருக்கிறது என்பதையும் அவர்கள் தேட வேண்டியிருந்தது, ஆர்ட்டிமிசியா அன்னுவாவில்தான் இருந்தது. பழைய நூலை மூலத்தில் வாசிக்கத் தெரிந்ததும், ஆய்வகத்தில் வேலை தெரிந்ததும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோது நடந்தது இது. இதைப் படித்துவிட்டு அந்தச் செடியில் டீ போட்டுக் குடிக்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதைக் கூடாது என்கிறது.

உங்கள் அண்ணன் கேள்விக்கு நேராக வருகிறேன். சித்த மருத்துவம் படிக்க விருப்பமென்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். ஆனால் அந்தப் படிப்புக்குப் பாட்டுத் தமிழ் வாசிக்க வேண்டும். உங்கள் பெண் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் சீனத்தில் சிந்தித்து வளர்ந்திருக்கிறாள். லீ ஷிசென்னை மொழிபெயர்ப்பின் துணையில்லாமல் வாசிக்கக்கூடிய தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்? அது அவளுடைய செல்வம். அதை வைத்து அவள் விரும்பியதைப் படிக்கட்டும். தமிழை வீட்டில் கற்றுக்கொடுங்கள், என்றாவது இதையெல்லாம் நமக்கு எழுதுவாள்.

வேலை. நம் நாட்டில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இல் வந்தது. சீன மருத்துவமும் இந்திய மருத்துவமும் அதில் தனித்தனித் துறைகள். முறையான தகுதியும் பதிவும் உள்ளவர்களே தொழில் செய்யலாம் என்பது அதன் நோக்கம். 2007இல் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கான பிரிவுகள் உண்டு. பாரம்பரிய மருந்துகள் 'எம்.ஏ.எல்.' என்ற அரசுப் பதிவு எண் பெற்றுத்தான் விற்பனைக்கு வர வேண்டும் என்பதால் தரம் பார்க்கும் ஆய்வகங்களிலும் ஆள் தேவை. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோப்பேங்கில் 1879இல் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான கடையாகத் தொடங்கிய இயூ யான் சாங், இன்று எத்தனை ஊர்களில் இருக்கிறது பாருங்கள். ஆங்கில மருத்துவர் அளவுக்குச் சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் போய்த் தொழில் செய்யும் எண்ணமிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், இந்தியா ஏற்றுக்கொண்ட மருத்துவ முறைகளில் சீன மூலிகை மருத்துவம் இல்லை.

படிக்கும் இடம். சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் பட்டம் இருக்கிறது. நடத்துவது எம். கந்தையா பெயரைத் தாங்கிய மருத்துவப் புலம், உங்கள் கணவர் அதைக் கேட்டுச் சற்று இளகலாம். செப்பாங்கில் சியாமென் பல்கலைக்கழகக் கிளையும் உண்டு. கட்டணம் கட்டுவதற்கு முன் மகளோடு நேரில் போங்கள். மூலிகை ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் நோயாளி தான்ஷென் என்ற வேரின் கஷாயம் கேட்டு வந்தால் மாணவருக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். தான்ஷென் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கும். கொடுக்கக் கூடாது, அவருடைய மருத்துவரிடம் பேச வேண்டும் என்று தயங்காமல் பதில் வரும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். சுற்றி வளைத்தால் அடுத்த இடத்தைப் பாருங்கள். எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் எழுதுங்கள், விண்ணப்பத்தில் எங்காவது தடங்கல் என்றால் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்