ஏஆர்டி ஆரம்பித்த பிறகு தேமல் சிவந்து தடிக்கிறதா? மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மாங்கூழ் தொழிற்சாலையில் வேலை. எச்.ஐ.வி இருப்பது தெரிந்து, அந்தக் கிருமியை அடக்கும் ஏஆர்டி மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறார். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் நின்று எடைகூட ஏறியது. ஆனால் போன மாதம் கன்னத்திலும் முதுகிலும் படை படையாகச் சிவந்து தடித்துவிட்டது. வலது முழங்கையில் விண்விண்ணென்று வலி, சுண்டுவிரல் மரத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் தொழுநோய் என்று சொல்லி அட்டை மாத்திரை கொடுத்தார்கள். "ஏஆர்டிதான் உடம்பைக் கெடுத்தது, நிறுத்து" என்கிறார் உறவினர் ஒருவர். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சூரணம் என்று 12,000 ரூபாய் கேட்டு ஒருவர் வீட்டுக்கே வந்து போகிறார். என்ன செய்வது? குழந்தைகளுக்கு ஒட்டுமா?
- வாசகி, பாலக்கோடு பக்கம்

பதில்: ஏஆர்டி மாத்திரையை ஒரு வேளைகூட விட வேண்டாம். தொழுநோய் அட்டையையும் விட வேண்டாம். முழங்கை வலிக்கும் மரத்துப்போன விரலுக்கும் நாளைக் காலையே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மீதியைப் பேருந்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்தில் ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டிலிருந்து யானை இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காவலுக்கு ஆள் இல்லாத ராத்திரியில் அது சத்தமில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பரணில் ஆள் ஏறி, பந்தம் கொளுத்தி, பட்டாசு வெடித்து விரட்டத் தொடங்கியதும்தான் ஊரே எழுந்திருக்கும். அந்த ஓட்டத்தில் மிதிபடும் பயிர், யானை தின்றதைவிட அதிகமாக இருக்கும்.

உங்கள் கணவர் உடம்பில் நடப்பது இதுதான். எச்.ஐ.வி கிருமி சிடி4 என்கிற காவல் அணுக்களை அழித்து வைத்திருந்தது. அந்தக் காலம் முழுக்கத் தொழுநோய்க் கிருமி தோலிலும் நரம்பிலும் நிம்மதியாகக் குடியிருந்தது. ஏஆர்டி வேலை செய்யத் தொடங்கியதும் சிடி4 ஏறியது, காவல் திரும்பியது, சண்டை தொடங்கியது. தேமல் சிவந்து தடித்தது அந்தச் சண்டையால். இதைத் தொழுநோய் எதிர்வினை என்கிறோம். ஏஆர்டி ஆரம்பித்த முதல் ஆறு மாதத்துக்குள் இப்படி வருவதுதான் வழக்கம். 2003 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிற விஷயம் இது, உங்கள் வீட்டில் மட்டும் வந்த விபரீதம் இல்லை.

உறவினருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. தொழுநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அவ்வளவு மந்தம். உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிய சராசரியாக ஐந்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூடப் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஆரம்பித்த மாத்திரை இந்த நோயைக் கொண்டுவந்திருக்க வழியே இல்லை. ஏற்கெனவே இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். எச்.ஐ.வி பரவத் தொடங்கிய காலத்தில், டிபி பெருகியதுபோலத் தொழுநோயும் பெருகும் என்று மருத்துவர்கள் பயந்தார்கள். நல்லவேளை, அப்படி நடக்கவில்லை.

சரி, இதில் பயப்பட வேண்டியது எது? தேமல் இல்லை, நரம்பு. முழங்கையின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். எங்காவது இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தமாதிரி இருக்குமே, அந்த இடம். அங்கே ஓடும் நரம்புதான் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போகிறது. எதிர்வினை வந்தவர்களுக்கு அதைத் தொட்டால் சாட்டைக்கயிறு போலத் தடித்திருக்கும், லேசாக அழுத்தினாலே கையை உருவிக்கொள்வார்கள். நரம்பு வீங்க உள்ளே இடம் இல்லாததால் தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் விட்டால் இரண்டு விரலும் மடங்கி நின்றுவிடும். கால் நரம்பில் வந்தால் பாதம் தூக்க முடியாமல் தொங்கும். நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு அடி போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பவரை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் வந்தால் கண் இமை மூடாது. உங்கள் கணவருக்குக் கன்னத்தில் படை இருப்பதால், தூங்கும்போது கண் முழுசாக மூடுகிறதா என்று இன்று இரவே பாருங்கள்.

நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதற்குப் பிறகு கஷ்டம். மருந்து பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு. பொதுவாக நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாகக் குறைத்து, மூன்று முதல் ஐந்து மாதம் கொடுப்போம். விரட்டுகிறவர்களைக் கொஞ்சம் நிதானமாக விரட்டச் சொல்வதுபோல. கிருமியைக் கொல்வது அட்டை மாத்திரை. ஸ்டீராய்டு காப்பாற்றுவது நரம்பை.

இந்த மருந்தைச் சுற்றித்தான் எனக்கு ஆத்திரம். மெடிக்கலில் போய் "வீக்கத்துக்கு, வலிக்கு" என்று கேட்டால், சீட்டு இல்லாமலேயே சின்ன வெள்ளை மாத்திரையைப் பத்து கத்தரித்துத் தாளில் மடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஸ்டீராய்டுதான். மூன்றே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் தெளியும். "அந்த அண்ணன் கைராசி" என்று ஊரெல்லாம் பேர். பத்து நாள் கழித்து மாத்திரை தீர்ந்ததும் நரம்பு முன்னைவிட மோசமாக வீங்கும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எச்.ஐ.வி உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் முன் டிபி இருக்கிறதா என்று சளியும் எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், குடற்புழு மாத்திரை கொடுக்க வேண்டும். கத்தரிக்கோல் வைத்திருப்பவர் இதில் எதைப் பார்த்தார்?

சூரணக்காரர் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். அந்தப் பொடியைச் சாப்பிட்டதும் வலி சட்டென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பது புதிதில்லை. மூலிகை ரத்தத்தைச் சுத்தம் செய்கிறதா இல்லையா என்ற வாதத்துக்கே நான் வரவில்லை. அந்த 12,000 ரூபாயில் ஒரு ரூபாய்க்குக்கூட உங்களுக்கு வேலை இல்லை. ஏஆர்டி இலவசம், தொழுநோய் மாத்திரை இலவசம், பிரெட்னிசோலோன் இலவசம், சிடி4 பரிசோதனை இலவசம். மருத்துவமனை வாசலில் "சிடி4 ஏத்துற ஊசி இருக்கு", "ஊனச் சான்றிதழ் சீக்கிரம் வாங்கித் தர்றேன்" என்று ஒட்டிக்கொள்கிற ஆட்களிடமும் ஏஆர்டி அட்டையைக் காட்டாதீர்கள். உங்கள் ரகசியம் அவர்கள் கைக்குப் போனால், அதுவே அப்புறம் பணம் பிடுங்கும் கயிறு.

எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்றேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். தொழுநோய் அட்டையில் தினமும் சாப்பிடும் டாப்சோன் என்கிற மாத்திரை சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள், ஒத்துக்கொள்ளாமல் போகும். காய்ச்சல் வரும். உடம்பு முழுக்க அரிப்போடு சிவப்புத் தடிப்பு, கண்ணில் மஞ்சள், கழுத்தில் நெறி கட்டும். எதிர்வினையில் பழைய தேமல்தான் சிவக்கும். இதில் தேமலே இல்லாத இடத்திலும் தோல் சிவக்கும், உரியும். அப்படி வந்தால் டாப்சோனை அன்றைக்கே நிறுத்திவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுநாள் ஓ.பி. வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நிறுத்துவது டாப்சோனை மட்டும். மற்றதை மருத்துவர் முடிவு செய்வார். அதே காய்ச்சலுக்கு மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டு இரண்டு நாள் அமுக்கி வைத்து, கல்லீரல் கெட்ட பிறகு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். ஏஆர்டியில் சிடோவுடின் என்கிற மருந்து இருந்தால், டாப்சோனும் சேர்ந்து ரத்தசோகை வரலாம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போவதும், தோல் கருத்துப்போவதும் மருந்தின் நிறம்தான். நிறம் பிறகு மெல்ல மெல்லத் தெளியும்.

நாளைக்குப் போகும்போது இரண்டு அட்டையையும் ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எச்.ஐ.விக்கு ஒரு துறை, தொழுநோய்க்கு ஒரு துறை. இரண்டு பதிவேடு, இரண்டு மாடி, இரண்டு வரிசை. ஏஆர்டி மையத்தில் தோலைப் பார்க்கச் சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை. தோல் பிரிவில் எச்.ஐ.வி பற்றிக் கேட்பதில்லை. 2005 கடைசியில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டது என்று நாடு அறிவித்த பிறகு, கிராமம் கிராமமாகப் போய்த் தேமலைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிய பணியாளர்கள் ஓய்வு பெற்றார்கள். அந்தக் கண் அடுத்தவர்களுக்குக் கைமாறவில்லை. ஓர் இடத்தில் எதிர்வினையை மருந்து அலர்ஜி என்று நினைத்து ஏஆர்டியையே நிறுத்திவிட்டார்கள். அந்த நோயாளி என்னிடம் வந்தபோது கை மடங்கியிருந்தது. இரண்டு துறையும் வாரத்தில் ஒருநாள் ஒரே அறையில் உட்கார்ந்தால் தீருகிற விஷயம் இது. உட்காரும் வரைக்கும் அந்த வேலையை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மருத்துவரிடமும் இன்னொரு நோயைச் சொல்லுங்கள், வெளியாட்களிடம் சொல்ல வேண்டாம். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி நிலையை வெளியிடுவதையும், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சரியாக வழிகாட்டல் கிடைக்கவில்லை என்றால், மாவட்டத் தொழுநோய் துணை இயக்குநர் அலுவலகத்தை நேராகக் கேளுங்கள். பிசியோதெரபி, மரத்த காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு எல்லாம் அவர்கள் வழியாகத்தான் வரும்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அட்டை மாத்திரை ஆரம்பித்ததுமே தொழுநோய் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். தட்டு, பாய் எதையும் பிரிக்க வேண்டாம். நீங்கள் எச்.ஐ.வி பரிசோதனை செய்யவில்லை என்றால் நாளைக்கே செய்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொழுநோய் வராமல் தடுக்க ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுக்கும் ஏற்பாடு அரசிடம் இருக்கிறது. அதற்கு முன் தோலைப் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கு ஒருநாள் லீவு போட்டாவது குழந்தைகளைக் கூட்டிப்போய், சட்டையைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். டியூப்லைட்டில் மங்கிய தேமல் தெரியாது.