அம்மாவின் தொடரும் அடோர்னோவும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை இறுதியாண்டில் படிக்கிறேன். அம்மா இரவுதோறும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரை ஜெர்மன் தத்துவவாதி அடோர்னோவின் ‘பண்பாட்டுத் தொழில்துறை’ என்ற கோட்பாட்டின் வழியே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினேன். வகுப்பில் நல்ல மதிப்பெண் கிடைத்தது. வீட்டில் வாசித்துக் காட்டியபோது அம்மா, “அப்போ இத்தனை வருஷமா நான் ஏமாந்துபோய்தான் அழுதேனா?” என்று கேட்டார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மருமகள் அடுக்களைத் தரையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் காட்சிகளில்தான் அவர் அழுவார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வெகுஜனப் படைப்புகளுக்கு இத்தகைய கோட்பாடுகளைப் பொருத்துவதே தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தவறில்லை. உங்கள் அம்மா கேட்டது உங்கள் கட்டுரையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

அடோர்னோவும் அவருடைய சக சிந்தனையாளர் ஹோர்க்ஹைமரும் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் வாழ்ந்த காலத்தில், 1944-இல், அந்தக் கருத்தை எழுதினார்கள்: படங்களும் பாடல்களும் தொழிற்சாலைப் பொருள்களைப் போல உற்பத்தியாகி, மக்களைச் சிந்திக்கவிடாமல் செய்கின்றன என்பது அது. ஒரு சர்வாதிகாரியின் குரலை வானொலி வீடுதோறும் கொண்டுசேர்த்ததை அறிந்திருந்த அவர்கள், ஒரே அச்சில் வார்த்தெடுத்த படங்களையும் பாடல்களையும் கண்டு அஞ்சியதில் நியாயம் இருந்தது. உங்கள் தொடருக்கும் அந்தக் கோட்பாடு ஓரளவு பொருந்தும். விளம்பர வருவாயை நம்பி நாள்தோறும் வெளியாகும் கதை எளிதில் முடிந்துவிடக் கூடாது. ஆகவே மருமகளின் துயரமும் தீரக் கூடாது. துயரம் ஏன் நீள்கிறது என்பதை அடோர்னோவைக் கொண்டு நன்றாகவே விளக்கிவிடலாம். அதைப் பார்க்கும் பெண் ஏன் அழுகிறாள் என்பதை அறிய அவளிடமே கேட்க வேண்டும். அந்த வேலையை அடோர்னோ செய்யவில்லை.

செய்தவர் பண்பாட்டு ஆய்வாளர் இயென் ஆங். டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வந்தர் குடும்பமொன்றின் கதையான ‘டல்லாஸ்’ 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெருவெற்றி பெற்றது. அதை அமெரிக்கப் பண்பாட்டின் படையெடுப்பு என்று பலர் கண்டித்தார்கள். அப்போது நெதர்லாந்தில் இருந்த ஆங், ஒரு பெண்கள் இதழில் சிறிய விளம்பரம் கொடுத்தார். தனக்கு அந்தத் தொடர் பிடிக்கும் என்றும், அதைச் சொன்னால் பிறர் விசித்திரமாகப் பார்க்கிறார்கள் என்றும் குறிப்பிட்டு, உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள் எனக் கேட்டார். 42 கடிதங்கள் வந்தன. எனக்கு அந்த விளம்பரத்தின் முதல் வாக்கியம்தான் முக்கியம். தனக்குப் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அவர் ஆராயத் தொடங்கினார்.

அக்கடிதங்களில் அவர் கண்டவை இரண்டு. தொடரை வெறுத்தவர்களுக்குச் சொற்கள் தடையின்றி வந்தன; ‘வணிகக் குப்பை’ என்ற வகைத் தீர்ப்புகளைச் சமூகம் முன்பே ஆயத்தமாக வைத்திருந்தது. விரும்பியவர்களோ தயங்கினார்கள், தற்காப்பாகப் பேசினார்கள். இரண்டாவதாக, அந்த மாளிகையும் செல்வமும் தங்கள் வாழ்க்கையில் இல்லாதவை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், பலர் தொடரை உண்மையானது என்றார்கள். நிகழ்ச்சிகள் கற்பனைதான், உணர்ச்சி கற்பனையன்று என்பதே அவர்கள் கூறியதன் பொருள். ஆங் இதை ‘உணர்ச்சி யதார்த்தம்’ என்று அழைத்தார். உங்கள் அம்மா அந்தச் சோற்றுத் தட்டைப் பார்த்து அழுவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தட்டைத் தொடர் எழுதியவர் கண்டுபிடிக்கவில்லை; அது நம் வீடுகளில் இருந்தது, இன்றும் பல வீடுகளில் இருக்கிறது.

நம் மொழிச் சூழலிலும் இத்தகைய உழைப்பு நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆரின் படங்களையும் அரசியலையும் பற்றி ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் ‘பொதுப்புத்தி’ (மக்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கும் அன்றாட நம்பிக்கைகள்) என்ற கருத்தைத் துணைகொண்டு, ஏழைகள் ஏன் அந்த நாயகனை நம்பினார்கள் என்று கேட்டது. ரிக்‌ஷாக்காரனாகவும் விவசாயியாகவும் மீனவனாகவும் வரும் நாயகன், உண்மை வாழ்க்கையில் அத்தகையவர்களுக்கு மறுக்கப்பட்ட கல்வியையும் நீதி வழங்கும் உரிமையையும் திரையில் எடுத்துக்கொள்கிறான் என்று அவர் காட்டிய இடங்கள், ரசிகர்களை மூடர்கள் என்று ஒதுக்கிய எந்தக் கட்டுரையையும்விட நமக்கு அதிகம் கற்றுத்தருகின்றன. ஆயினும் அந்தப் பிம்பத்தைப் ‘பொறி’ என்று தலைப்பிலேயே அவர் முடிவுசெய்துவிட்டது எனக்கு உடன்பாடில்லை. சிக்கியவர்கள் அதற்குள் என்ன செய்தார்கள், எதை எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அந்தச் சொல்லிலேயே பாதி அடைபட்டுப்போகிறது.

உங்கள் கட்டுரையைக் கிழித்துப் போடாதீர்கள். விளம்பரம், நீளும் கதை, தீராத துயரம் பற்றி நீங்கள் எழுதிய பகுதிகள் அப்படியே இருக்கட்டும். அவற்றோடு, அம்மாவின் அனுமதி பெற்று, ஒரு புதிய பகுதியைச் சேருங்கள். அந்தக் காட்சி வரும் இரவில் அவருடன் அமர்ந்து பாருங்கள். அடுக்களைத் தரையில் அவர் தனியாகச் சாப்பிட்ட நாட்கள் எவை, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், அதை அவர் இதற்குமுன் யாரிடமாவது சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி, முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.