பௌலிங் எப்படி விளையாடுவது? அதன் ஸ்கோர் கணக்கு ஏன் இவ்வளவு குழப்பம்?

வருகிற சனிக்கிழமை ஒஃபிஸ் ஆட்களோடு முதல் தடவையாகப் போகிறீர்கள், விதிகள் தெரியாது, ஸ்கோர் போர்ட் விளங்காது, சேலையோடு விளையாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

கொழும்பில் பௌலிங் என்று சொன்னால் ஆட்களுக்கு முரளியும் அவருடைய 800 விக்கெட்டும்தான் ஞாபகம் வரும். "ஞாயிற்றுக்கிழமை பௌலிங் போறம், நீங்களும் வாங்கோ" என்று நான் கூப்பிட்டபோது சித்தப்பா கேட்டது, "எந்த கிரவுண்ட்?" பந்தை உருட்டி, போத்தல் மாதிரி நிற்கிற பின்களை விழுத்துகிற விளையாட்டு என்று விளங்கப்படுத்தியதும், "அட, போளை மாதிரி" என்றார். பெரிய பிழை இல்லை.

சித்தப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். இப்போது ஓய்வெடுத்து வெள்ளவத்தையில் இருக்கிறார். டொரொண்டோவில் இருந்து லீவுக்கு வந்த மச்சான்தான் எங்கள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனார். ஆறு பேர், ஆறு பேரும் செருப்போடு. அங்கே சப்பாத்து வாடகைக்குத் தருவார்கள், சொக்ஸ் நாங்கள் கொண்டு போகவேண்டும். அதனால் முதல் இருபது நிமிஷம் சொக்ஸ் தேடுவதிலேயே போனது. நீங்கள் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். சொந்தச் சப்பாத்தோடு விளையாடலாம் என்று நினைக்காதீர்கள், வாடகைச் சப்பாத்தின் அடிப்பாகம் வழுக்குவதற்கென்றே செய்தது. கடைசி அடியில் கால் சறுக்கி நிற்கவேண்டும், றப்பர் அடிப்பாகம் சட்டென்று பிடித்தால் முழங்கால் போய்விடும்.

விளையாட்டு இதுதான். லேன் என்கிற மரப்பாதை, நீங்கள் நிற்கிற கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி, அகலம் மூன்றரை அடிக்கும் சற்றுக் குறைவு. அந்தக் கோடியில் பத்துப் பின்கள் முக்கோணமாக நிற்கும், முன்னால் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்ட நிறை. லேனின் இரண்டு பக்கமும் கான் இருக்கும். பந்து கானுக்குள் விழுந்தால் அந்தத் தடவைக்குப் பூச்சியம். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலும் பூச்சியம்தான், எத்தனை பின் விழுந்தாலும். கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் பூசியிருப்பதால் பூச்சியத்தோடு இடுப்பும் போகலாம்.

ஒரு ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பத்துப் பின்னையும் விழுத்த உங்களுக்கு இரண்டு தடவை. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக், இரண்டு பந்தில் விழுந்தால் ஸ்பெயார். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் மச்சான் முதல் ஸ்ட்ரைக் அடித்தபோது தொடங்கியது. பத்தும் விழுந்தது, நாங்கள் கத்தினோம், மேலே திரையில் அவருடைய பெட்டிக்குள் ஒரு பெருக்கல் குறி வந்தது. கீழே இலக்கம் இல்லை, வெறுமை. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "தம்பி, பத்தும் விழுந்ததுதானே? ஏன் இலக்கம் போடேல்லை? மிசின் பழுதோ?"

மச்சான் சொன்ன விளக்கம் எனக்கே விளங்கவில்லை. சித்தப்பா சேர்ட் பொக்கெட்டிலிருந்து கடை பில் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் கோடு போட்டார். ஸ்ட்ரைக் அடித்தால் பத்தோடு அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் அந்த ஃப்ரேமுக்குச் சேரும். ஸ்பெயார் என்றால் அடுத்த ஒரு பந்து மட்டும். அந்தப் பந்துகள் இன்னும் போடப்படவில்லை, அதனால்தான் பெட்டி காலி. "ஓ, இது வர வேண்டிய காசு. கைக்கு வந்தாப் பிறகுதான் புத்தகத்தில ஏத்துவினம்" என்றார். இதைவிட நல்ல விளக்கம் நான் இன்னும் கேட்கவில்லை.

அவர் பில்லில் எழுதிய மாதிரியே பாருங்கள். முதல் ஃப்ரேம் ஸ்ட்ரைக். இரண்டாவதில் 7, பிறகு 2. அப்போது முதல் ஃப்ரேமுக்கு 10+7+2, அதாவது 19. இரண்டாவது ஃப்ரேமின் 9 சேர 28. மூன்றாவதில் 6, மிச்சம் நான்கும் விழுந்தது, ஸ்பெயார். நான்காவதில் முதல் பந்துக்கு 8, பிறகு 1. மூன்றாவது ஃப்ரேமுக்கு 10+8, மொத்தம் 46. நான்காவது முடிய 55. பத்தாவது ஃப்ரேமில் ஸ்ட்ரைக் வந்தால் மேலதிகமாக இரண்டு பந்து, ஸ்பெயார் வந்தால் ஒன்று. வரவேண்டியதை அங்கேயே தீர்க்கத்தான் அந்தப் பந்துகள். அப்படிப் பன்னிரண்டு பந்தும் ஸ்ட்ரைக் ஆனால் 300, அதற்கு மேல் ஸ்கோர் கிடையாது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஸ்ட்ரைக் அடித்துவிட்டு அடுத்த இரண்டு பந்தையும் கானுக்குள் விட்டால் அந்த ஸ்ட்ரைக்குக்கு வெறும் பத்துத்தான். மச்சானுக்கு அன்று நடந்தது கிட்டத்தட்ட அதுதான். மூன்று ஸ்ட்ரைக், மூன்றும் தனித்தனியாக, இடையிடையே கான். முடிவில் 91. சித்தப்பாவுக்கு ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லை, மூன்று ஸ்பெயார், கானுக்குள் ஒன்றும் போகவில்லை, 104. மச்சான் திரையைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக் கூட்டிப் பார்த்தார்.

அதனால் நான் சொல்வது, முதல் நாளிலேயே ஸ்ட்ரைக்குக்கு ஆசைப்படாதீர்கள். முதல் பந்தில் ஏழோ எட்டோ, இரண்டாவதில் மிச்சம். இந்த இரண்டாவது பந்தைக் கவனமாகப் போடுகிற ஆள்தான் ஒஃபிஸ் கூட்டத்தில் வெல்லுவார். பலசாலிகள் எல்லாரும் முதல் பந்தோடு களைத்துவிடுவார்கள்.

எங்கே பார்த்து விடுவது? பின்னைப் பார்க்காதீர்கள். கோட்டிலிருந்து ஏறத்தாழ 15 அடி தள்ளி லேனில் ஏழு அம்புக்குறி இருக்கும். 60 அடி தூரத்தில் இருக்கிற பின்னைவிட அந்த அம்பு கண்ணுக்குக் கிட்ட, பந்தை அதற்கு மேலால் அனுப்பினால் போதும். கை ஊஞ்சல் மாதிரிப் பின்னால் போய் முன்னால் வரட்டும், தள்ள வேண்டாம். எறியவே வேண்டாம்.

கரம் போர்ட் விளையாடியிருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். முன் பின்னுக்கு நேர் நடுவில் அடித்தால் பந்து ஊடறுத்துக்கொண்டு போய், இரண்டு ஓரமும் தனித்தனியாக நிற்கும். வலக்கைக்காரர் முன் பின்னுக்கும் அதன் வலது பக்கப் பின்னுக்கும் நடுவில் அடிக்கவேண்டும், இடக்கைக்காரர் இடது பக்கம். பொக்கெட் என்று அதைத்தான் சொல்வார்கள். நல்ல ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது நான்கே நான்கு பின்தான். மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தட்டி விழுத்தும், ஒரு காய் மற்றக் காயில் பட்டு பொக்கெட்டுக்குள் போவது போல. மிச்சம் நிற்கும் பின் இடது ஓரத்தில் என்றால் வலது பக்கம் நின்று குறுக்காக விடுங்கள், வலது ஓரத்துக்கு இடப்பக்கம். சித்தப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கரத்தில் கோணம் பார்த்த கண், தானாக நகர்ந்து நின்றார்.

பந்து எடுக்கும்போது அவசரப்படாதீர்கள், இதில் நான் பட்டிருக்கிறேன். நிறை இறாத்தலில் பந்திலேயே எழுதியிருக்கும், 16 இறாத்தல்தான் ஆகக் கூடியது. உங்கள் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கைக்கணக்கு உண்டு, முதல் தடவை அதைவிடக் குறைவாக எடுத்தாலும் நட்டமில்லை. நடுவிரல், மோதிர விரல், பெருவிரல், மூன்றுக்கும் துளை. நான் அன்று நிறத்தைப் பார்த்து ஒரு நீலப் பந்தை எடுத்தேன். பெருவிரல் துளை தொளதொளவென்று இருந்தது. கையைப் பின்னால் வீசியதும் பந்து கழன்று எனக்குப் பின்னால் 'டொங்' என்று விழுந்து, கதிரைகளை நோக்கி உருண்டது. தங்கச்சி காலைத் தூக்கிக்கொண்டாள். நல்லகாலம் ஒருவருக்கும் படவில்லை, ஆனால் பக்கத்து லேன் பிள்ளைகள் நாங்கள் வெளிக்கிடும் வரை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்தது இறுக்கமான துளை, பெருவிரல் வெளியே வர மாட்டேன் என்றது. விரல் உள்ளே போய்ச் சிரமமில்லாமல் திரும்பி வருகிற பந்தாகத் தேடுங்கள், நிறம் என்னவாகவும் இருக்கட்டும்.

பக்கத்து லேனில் யாராவது பந்தோடு தயாராக நின்றால் அவரை முதலில் விடுங்கள். மேலே இருந்து பின்களை மெசின் தூக்கி வைத்து முடியும் முன் பந்தை விடாதீர்கள்.

சரி, சேலை. விளையாடலாம், எங்கள் சித்தி விளையாடினார். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்தவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடந்து வருகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே இரண்டு கையாலும் பந்தைத் தள்ளிவிட்டார். அது ஆடி அசைந்து போய் ஆறு பின்னை விழுத்தியது. நாங்கள் சிரித்தோம். அவுஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மொன்டே இரண்டு கையாலும்தான் பந்து போடுகிறார், பெருவிரலைத் துளைக்குள் விடுவதே இல்லை, அப்படிப் போட்டே உலகின் பெரிய போட்டிகளை வென்றவர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைச் சித்தியிடம் காட்டினேன். "நான் சொன்னனான்தானே" என்றார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.